இரண்டு பாலங்கள், ஒரு பொறியாளர்: ராபர்ட் ஸ்டீஃபன்சன்

1847ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி மாலை. இங்கிலாந்தின் செஸ்டர் நகரிலிருந்து வேல்ஸ் பகுதியிலுள்ள ரூவாபன் என்ற ஊருக்கு ஒரு பயணிகள் இரயில் புறப்பட்டது. செஸ்டரை ஒட்டி ஓடும் டீ ஆற்றின் மேல் புதிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. அது கட்டப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. பாலத்தின் கடைசிப் பகுதியில் இரயில் சென்றுகொண்டிருந்தபோது காலடியில் ஏதோ தாழ்வதை ஓட்டுநர் உணர்ந்தார். உடனே இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினார். இயந்திரம் எப்படியோ அக்கரை சேர்ந்துவிட்டது. பின்னால் வந்த பெட்டிகள் உடைந்த பாலத்தோடு ஆற்றில் விழுந்தன. ஐந்து பேர் உயிரிழந்தனர்.

அந்தப் பாலத்தை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்டீஃபன்சன். அப்போது அவருக்கு வயது 43. விக்டோரியா மகாராணியார் காலத்துப் பிரிட்டனில் இரயில் பொறியியல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் இரண்டு மூன்று பெயர்களில் அவருடையதும் ஒன்று. விபத்து நடந்த அதே நாட்களில், அதே இரயில் நிறுவனத்திற்காக, உலகில் அதுவரை எவரும் கட்டிப் பார்த்திராத ஒரு மாபெரும் பாலத்தையும் அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய பாலம் 120 ஆண்டுகள் நின்றது. சிறிய பாலமோ ஓராண்டு முடிவதற்குள் விழுந்தது. ஒரே மனிதர் கட்டிய இரண்டு பாலங்களுக்கு ஏன் இரு வேறு விதி? அதற்கான விடை அவருடைய வாழ்க்கைக் கதையில் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தந்தை

ராபர்ட் 1803ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி, வட இங்கிலாந்தின் நியூகாசல் நகருக்கு அருகில் உள்ள வில்லிங்டன் கீ என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவி இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளி. பிற்காலத்தில் இரயில்வேயின் தந்தை என்று உலகம் போற்றிய அந்த ஜார்ஜுக்கு, 18 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அதற்குப் பிறகுதான் வேலை முடிந்து இரவுப் பள்ளிக்குச் சென்று எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார்.

ராபர்ட்டுக்கு மூன்று வயது நிறைவதற்குள் தாய் காசநோயால் இறந்துபோனார். அத்தை எலனோர் அவரை வளர்த்தார். தாம் இழந்த கல்வி மகனுக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். முதலில் கிராமப் பள்ளி, பிறகு நியூகாசல் நகரில் ஒரு தனியார் பள்ளி. கில்லிங்வொர்த் என்ற சுரங்க ஊரிலிருந்து நகரப் பள்ளிக்குப் போய்வர, மகனுக்கு ஒரு கழுதையையும் வாங்கிக் கொடுத்தார்.

நியூகாசலில் இலக்கிய, தத்துவக் கழகம் என்ற அமைப்பு ஒரு நல்ல நூலகத்தை நடத்திவந்தது. ராபர்ட் அங்கிருந்து அறிவியல் நூல்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். வெளியே கொடுக்காத நூல்களாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து படங்களையும் குறிப்புகளையும் எழுதி எடுத்து வருவார். மாலையில் தந்தையும் மகனும் ஒன்றாக அமர்ந்து அவற்றைப் படிப்பார்கள். ஒரு வகையில் பார்த்தால், ஒரு பள்ளிக் கட்டணத்தில் இருவர் கல்வி கற்றனர்.

அந்தக் கூட்டுப் படிப்பின் அடையாளம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1816ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், 12 வயது ராபர்ட்டும் தந்தையும் சேர்ந்து ஒரு சூரியக் கடிகாரத்தைச் செய்து தங்கள் குடிசையின் வாசலுக்கு மேலே பொருத்தினர். நிழல் சரியாக விழ வேண்டுமானால் அந்த ஊரின் அட்சரேகை தெரியவேண்டும். நூலைப் பார்த்து அதைக் கணக்கிட்டவர் மகன். கல்லைச் செதுக்கியவர் தந்தை. ஏட்டறிவும் கையறிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ராபர்ட் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

19 வயதில் தொழிற்சாலை, 20 வயதில் கொலம்பியா

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராபர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் நிக்கோலஸ் வுட் என்பவரிடம் தொழில் பயின்றார். பிறகு, ஸ்டாக்டன் - டார்லிங்டன் இரயில் பாதைக்கு நிலத்தை அளக்கும் பணியில் தந்தைக்கு உதவினார். எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் மட்டும் அறிவியல் படித்தார். அவ்வளவுதான் அவருடைய உயர்கல்வி.

1823ஆம் ஆண்டு நியூகாசலில் இரயில் இயந்திரங்களைச் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் ராபர்ட் ஸ்டீஃபன்சன் நிறுவனம். நிர்வாகப் பங்குதாரரான ராபர்ட்டுக்கு அப்போது வயது 19.

ஆனால், மறுவருடமே அவர் அனைத்தையும் விட்டுவிட்டு, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுக்குக் கப்பலேறினார். அங்குள்ள பழைய வெள்ளிச் சுரங்கங்களை மீண்டும் இயக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. மூன்று ஆண்டுகள் பட்டபாடு கொஞ்சமல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த கனமான இயந்திரங்களைக் கோவேறு கழுதைகள் மட்டுமே நடக்கக்கூடிய மலைப் பாதையில் ஏற்ற முடியவில்லை. உடன் வந்த சுரங்கத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு, இந்த இளைஞரின் சொல்லைக் கேட்க மறுத்தனர். காகிதத்தில் சரியாக இருக்கும் திட்டம் களத்தில் எப்படியெல்லாம் தடுமாறும் என்பதை அந்த மலைகள் அவருக்குக் கற்பித்தன.

1827ஆம் ஆண்டு ஊர் திரும்பும் வழியில், கார்ட்டஹேனா துறைமுகத்தில் ஒரு முதிய ஆங்கிலேயரைச் சந்தித்தார். கையில் காசில்லாமல் தவித்துக்கொண்டிருந்த அவர் ரிச்சர்ட் டிரெவிதிக். 1804ஆம் ஆண்டிலேயே தண்டவாளத்தில் நீராவி இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய முன்னோடி அவர்தான். நாடு திரும்புவதற்காக ராபர்ட் அவருக்கு 50 பவுன் கொடுத்து உதவினார். தம்முடைய தொழிலுக்கே வழிகாட்டியவர் வறுமையில் நின்ற காட்சியை 24 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த இளைஞர் பார்த்தார்.

ராக்கெட் ஓடிய நாள்

அவர் திரும்பி வந்தபோது இங்கிலாந்தில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. லிவர்பூல் - மான்செஸ்டர் இடையே புதிய இரயில் பாதை உருவாகிறது. அதில் பெட்டிகளை இழுக்கப்போவது எது? ஆங்காங்கே நிலையாக நிறுத்திய இயந்திரங்கள் கயிறு கட்டி இழுக்கலாமா, அல்லது பெட்டிகளோடு சேர்ந்து ஓடும் இயந்திரமே போதுமா? முடிவெடுக்க முடியாத நிறுவனம் 1829ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ரெயின்ஹில் என்ற இடத்தில் ஒரு போட்டியை நடத்தியது. பரிசு 500 பவுன்.

ராபர்ட் தம் தொழிற்சாலையில் உருவாக்கிய இயந்திரத்தின் பெயர் ராக்கெட். அதன் உயிர் கொதிகலனில் இருந்தது. அக்காலத்து இயந்திரங்களில் நெருப்பின் வெப்பம் ஒன்றிரண்டு பெரிய குழாய்கள் வழியாகவே தண்ணீரைச் சென்றடையும். ராக்கெட்டின் கொதிகலனுக்குள் 25 சிறிய செம்புக் குழாய்கள் ஓடின. குழாய்கள் கூடக்கூட, சூடான உலோகத்தைத் தண்ணீர் தொடும் பரப்பும் கூடுகிறது. ஆகவே, நீராவி விரைவாகவும் தாராளமாகவும் கிடைக்கிறது. இந்த யோசனையைச் சொன்னவர் இரயில் நிறுவனத்தின் அதிகாரியான ஹென்றி பூத். அதைச் செய்து காட்டுவது ராபர்ட்டின் பொறுப்பாயிற்று. குழாய்கள் கொதிகலனின் தகட்டோடு சேரும் இடங்களில் தண்ணீர் கசிந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தே அந்தக் குறை நீக்கப்பட்டது.

போட்டியில் மற்ற இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. ராக்கெட் மட்டுமே எல்லாச் சுற்றுகளையும் முடித்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு 30 மைலை நெருங்கியது. குதிரையை விட வேகமான ஒன்றை அறியாத அக்கால மக்களுக்கு அது பெரும் வியப்பு. ஆனால், மறுவருடம் செப்டம்பர் 15ஆம் தேதி அந்தப் பாதை திறக்கப்பட்ட நாளிலேயே, நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் அதே ராக்கெட்டின் சக்கரங்களில் சிக்கி இறந்தார். வேகம் வரமாக வந்தபோதே ஆபத்தும் கூடவே வந்தது.

மலைக்குள் ஒளிந்திருந்த மணல்

1833ஆம் ஆண்டு, 30 வயதுகூட நிறையாத ராபர்ட், லண்டன் - பர்மிங்ஹாம் இரயில் பாதையின் தலைமைப் பொறியாளரானார். தலைநகர் லண்டனை மற்றொரு பெரிய நகரத்தோடு இணைத்த முதல் இரயில் பாதை அது. நீளம் ஏறத்தாழ 112 மைல். மண்வெட்டி, கோடரி, தள்ளுவண்டி, குதிரை, வெடிமருந்து ஆகியவைதான் கருவிகள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மேடுகளை வெட்டி, பள்ளங்களை நிரப்பினர்.

அந்தப் பாதையில் கில்ஸ்பி என்ற இடத்தில் ஏறத்தாழ 2,200 மீட்டர் நீளத்திற்கு மலையைக் குடையவேண்டியிருந்தது. வேலை தொடங்குமுன் மண்ணைச் சோதிக்க ஆங்காங்கே ஆழ்குழிகள் தோண்டிப் பார்த்தனர். எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால், அந்தக் குழிகளுக்கு இடைப்பட்ட ஓரிடத்தில் நீர் நிறைந்த புதைமணல் மறைந்திருந்தது. தொழிலாளர்கள் அதைத் தொட்டதும் வெள்ளம் பீறிட்டு உள்ளே பாய்ந்தது. வேலையைக் கைவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

ராபர்ட் கைவிடவில்லை. நீராவி இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, இரவு பகலாக ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தண்ணீரை இறைக்கச் செய்தார். மணல் காய்ந்த பிறகே குகைப்பாதையை முடிக்க முடிந்தது. 1838ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. அதற்குள் கில்ஸ்பியில் மட்டும் 26 தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தனர். கட்டுமானச் செலவும் முதல் மதிப்பீட்டைப் போல இருமடங்குக்கு மேல் போயிற்று.

ஸ்டீஃபன்சன் குடும்பத்தார் சுரங்கத் தண்டவாளங்களிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய அகலம் 4 அடி எட்டரை அங்குலம், அதாவது 1,435 மில்லிமீட்டர். இன்று உலகின் பெரும்பாலான இரயில் பாதைகளின் அகலம் அதுதான். கோலாலம்பூரின் எம்.ஆர்.டி., சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. இரண்டுமே அந்த அகலத்தில்தான் ஓடுகின்றன.

புகழ் வளர்ந்த அதே காலத்தில் வீடு வெறுமையானது. 1829ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்ட மனைவி ஃபேனி, 1842ஆம் ஆண்டு புற்றுநோயால் இறந்தார். பிள்ளைகள் இல்லை. ராபர்ட் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வேலையே வாழ்க்கையாயிற்று.

டீ ஆற்றுப் பாலம் ஏன் விழுந்தது?

இப்போது 1847ஆம் ஆண்டுக்கு வருவோம். செஸ்டரிலிருந்து வேல்ஸின் மேற்குக் கரையிலுள்ள ஹோலிஹெட் துறைமுகத்திற்கு இரயில் பாதை அமைக்கும் பொறுப்பு ராபர்ட்டிடம் இருந்தது. அதில் டீ ஆற்றைக் கடப்பது ஒரு சாதாரண வேலையாகவே கருதப்பட்டது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 98 அடி நீளம். தாங்குவதற்கு வார்ப்பிரும்பு உத்திரங்கள்.

வார்ப்பிரும்பின் குணத்தை அறிய ஒரு வெண்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினால் அது எளிதில் உடைவதில்லை. வளைத்துப் பாருங்கள், சட்டென்று முறியும். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுக்கப்படுகிறது; மறுபக்கம் இழுக்கப்படுகிறது. இழுக்கப்படும் பக்கத்தில்தான் முறிவு தொடங்குகிறது. வார்ப்பிரும்பும் அப்படியே. அமுக்குவிசையை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்திரத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுக்கப்படுகிறது. அங்கேதான் ஆபத்து.

இது ராபர்ட்டுக்குத் தெரியாததன்று. அதனால்தான் இழுவிசையைத் தாங்கக்கூடிய தேனிரும்புக் கம்பிகளை உத்திரத்தோடு பிணைத்திருந்தார். இதே வகை உத்திரங்கள் வேறு பாலங்களில் முன்பே பயன்பட்டு, நன்றாகவே நின்றன. ஆகவே, இங்கும் நிற்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால், பாலத்தின் நீளம் கூடியபோது இரண்டு உலோகங்களும் எதிர்பார்த்தபடி பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. வார்ப்பிரும்பு ஏறத்தாழத் தனியாகவே சுமந்தது.

விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் லண்டன் அருகே வேறொரு இரயில் பாலத்தின் மரத்தளம் தீப்பிடித்து எரிந்தது. டீ பாலத்திலும் மரத்தளம் இருந்ததால், தீப்பொறியிலிருந்து காக்க அதன் மேல் சரளைக் கற்களைப் பரப்பச் சொன்னார் ராபர்ட். கற்கள் பரப்பப்பட்ட அன்று மாலைதான் பாலம் விழுந்தது. ஓர் ஆபத்தைத் தடுக்கப் போட்ட கல், ஏற்கெனவே தள்ளாடிய உத்திரத்துக்குக் கூடுதல் சுமையாயிற்று.

மரண விசாரணை நடந்தது. அதில் ராபர்ட் எடுத்த நிலைப்பாடு அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. இரயில் தடம் புரண்டு உத்திரத்தின் மேல் மோதியதால்தான் அது உடைந்தது என்று அவர் வாதிட்டார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. பக்கவாட்டில் எந்த மோதலும் இல்லை, விரைந்து செல்லும் இரயிலைத் தாங்கும் வலிமை உத்திரத்துக்கு இல்லை என்பதே அவர்களுடைய முடிவு. ஆனாலும் எவர் மீதும் குற்றம் சுமத்தாமல், விபத்து மரணம் என்றே தீர்ப்பளித்தனர். இரும்புப் பாலங்கள் பற்றி அரசாங்கம் விசாரிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். அதே ஆண்டு ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அத்தகைய உத்திரங்களை இரயில் பாலங்களில் பயன்படுத்தும் வழக்கம் படிப்படியாக மறைந்தது.

மெனாய் நீரிணையில் ஓர் இரும்புக் குழாய்

அதே பாதையின் மறுகோடியில் மெனாய் நீரிணை இருந்தது. வேல்ஸுக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் இடையே ஓடும் அந்தக் கடலை இரயில் கடக்கவேண்டும். கப்பல் போக்குவரத்துக்குத் தடை கூடாது என்று கடற்படை நிபந்தனை விதித்தது. பாலம் நீர்மட்டத்திலிருந்து 100 அடிக்கு மேல் உயர்ந்திருக்கவேண்டும். கீழே முட்டுக்கொடுத்துக் கட்டவும் முடியாது. அக்காலத் தொங்கு பாலமோ கனமான இரயிலுக்கு ஆடும்.

ராபர்ட் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். தேனிரும்புத் தகடுகளால் செவ்வக வடிவில் ஒரு பெரிய குழாய் செய்வது. இரயில் அந்தக் குழாய்க்கு உள்ளேயே ஓடுவது. நடுவிலுள்ள இரண்டு பகுதிகளும் தலா 460 அடி. டீ பாலத்தின் ஒரு பகுதியைவிட நான்கு மடங்குக்கும் மேல் நீளம்.

இதைப் போல் எவரும் கட்டியதில்லை. பின்பற்ற முன்மாதிரி இல்லை. நம்பிப் பயன்படுத்தச் சூத்திரமும் இல்லை. அதனால் 1845ஆம் ஆண்டே சோதனைகள் தொடங்கின. கப்பல் கட்டுவதில் தேர்ந்த வில்லியம் ஃபேர்பேர்னும், கணித அறிஞர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சனும் ராபர்ட்டுக்குத் துணை நின்றனர். வட்டக் குழாய், நீள்வட்டக் குழாய், செவ்வகக் குழாய் என்று செய்து, பாரம் ஏற்றி, உடையும்வரை பார்த்தனர். செவ்வகமே சிறந்தது என்று தெரிந்தது. மேல் தகடு கசங்கி நெளிகிறது என்பதும் தெரிந்தது. ஆகவே, மேற்பகுதியைச் சிறுசிறு அறைகளாக அமைத்துப் பலப்படுத்தினர். பிறகு ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியைச் செய்தனர். அது உடைந்தது. உடைந்த இடத்தைப் பலப்படுத்தி மீண்டும் ஏற்றினர். மீண்டும் உடைந்தது. கடைசியில் அந்த மாதிரி முதல் முறை தாங்கியதைப் போல் இருமடங்குக்கு மேல் சுமந்தது.

குழாயைத் தாங்கச் சங்கிலிகளும் வேண்டும் என்று முதலில் எண்ணி, கோபுரங்களில் அவற்றுக்குத் துளைகளும் விடப்பட்டன. சோதனைகள் முடிந்தபோது சங்கிலியே தேவையில்லை என்று தெளிவாயிற்று. அந்தத் துளைகள் மட்டும் வெறுமையாக நின்றன.

கரையில் செய்த குழாய்கள் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேல் கனத்தன. 1849ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் குழாயை மிதவைகளில் ஏற்றி, கடல் நீரோட்டத்தில் மிதக்கவிட்டுக் கோபுரங்களின் அடிக்குக் கொண்டுவந்தனர். அந்தப் படபடப்பான நாளில் ராபர்ட்டின் அருகில் நின்றவர், தொழிலில் அவருக்குப் போட்டியாளரான இஸம்பார்ட் கிங்டம் புரூனல்.

அடுத்து, நீரழுத்தப் பொறிகளைக் கொண்டு குழாயை 100 அடி உயரத்துக்குத் தூக்கவேண்டும். தளப் பொறியாளர் எட்வின் கிளார்க்கிடம் ராபர்ட் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குழாய் சிறிது உயர்ந்ததுமே அதன் அடியில் உடனுக்குடன் முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும்; ஓர் இடைவெளியும் விடக்கூடாது. வேலை மெதுவானது. ஆனால், ஆகஸ்டு மாதம் ஒருநாள் நீரழுத்தப் பொறி வெடித்தது. அதன் அடிப்பாகம் உடைந்து விழுந்ததில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். குழாயோ சில அங்குலங்கள் மட்டும் இறங்கி, அடியில் கட்டியிருந்த முட்டின் மேல் உட்கார்ந்தது. அந்த முட்டு இல்லாவிட்டால் அவ்வளவும் கடலுக்குள் போயிருக்கும்.

1850ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி பிரிட்டானியா பாலத்தின் கடைசி ஆணியை ராபர்ட் தம் கையால் அடித்தார். பாராட்டு முழுவதும் அவருக்குப் போனதில் ஃபேர்பேர்னுக்கு மனவருத்தம். நட்பு முறிந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி இன்றும் ஆராயப்படுகிறது.

அந்தப் பாலம் 1970ஆம் ஆண்டு வரை நின்றது. அவ்வாண்டு மே மாதம், சில சிறுவர்கள் தீப்பந்தத்தோடு குழாய்க்குள் நுழைந்தபோது பற்றிய தீயில் குழாய்கள் பாழாயின. பழைய கல் கோபுரங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றின் மேல் இன்று இரயிலும் சாலையும் செல்லும் வேறொரு பாலம் இருக்கிறது. இதே முறையில் ராபர்ட் கட்டிய சிறிய குழாய்ப் பாலம் ஒன்று கான்வி நகரில், பிற்காலத்தில் சேர்த்த கூடுதல் தூண்களோடு, இன்றும் இரயில்களைச் சுமக்கிறது.

பயந்து சோதித்தது நின்றது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். மெனாயில் ராபர்ட்டுக்குத் தெரியாதது அதிகம். தெரியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் ஒவ்வோர் அடியையும் சோதித்தார், மற்றவர் அறிவைக் கேட்டார், எது பொய்த்தாலும் விழாமலிருக்க அடியில் முட்டுக் கொடுத்தார். டீ ஆற்றிலோ எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. சிறிய பாலம், பழகிய வடிவம், முன்பு நின்ற உத்திரம். அந்தப் பழக்கமே கண்ணை மறைத்தது. சற்றே நீளத்தைக் கூட்டியபோது பழைய வடிவம் புதிய வடிவமாக மாறிவிட்டதை எவரும் கவனிக்கவில்லை.

அவருடைய பிற்காலத்திலும் தவறுகள் உண்டு. சூயஸ் கால்வாய் பயன்படாது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். அவர் இறந்து பத்தாண்டுகளில் கால்வாய் திறக்கப்பட்டது. ஆனால், பட்டம் பதவிகளுக்கு அவர் அலையவில்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் வழங்க முன்வந்த நைட் பட்டத்தை ஏற்க மறுத்தார். புரூனல் தம் மாபெரும் கப்பலான கிரேட் ஈஸ்டர்னைத் தேம்ஸ் நதியில் இறக்க முடியாமல் திணறியபோது, உடல்நலம் குன்றிய நிலையிலும் குளிரில் போய் உடன் நின்றார். மெனாயில் தமக்குத் துணை நின்ற நண்பருக்கு அவர் செய்த கைம்மாறு அது.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி புரூனல் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 12ஆம் தேதி ராபர்ட்டும் காலமானார். 56 வயது நிறைய இன்னும் நான்கு நாட்களே இருந்தன. சுரங்கத் தொழிலாளியின் மகனான அவருடைய உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்து வளர்ந்த வட்டாரத்தில் கப்பல்கள் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டன.

இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கட்டடப் பொறியாளர் கழகத்தில் ஒரு கட்டுரையைப் பற்றிக் கருத்துச் சொல்ல நேர்ந்தது. பெரிய கட்டுமானங்களில் நேர்ந்த விபத்துகளையும் அவற்றை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும், இளம் பொறியாளர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மரண விசாரணையில் வேறு காரணம் தேடிய அதே மனிதர்தான் இதைச் சொன்னார்.

பொறியியலோ மருத்துவமோ கணினியோ, எதைப் படிக்கும் மாணவராக இருந்தாலும், பிரிட்டானியா பாலத்தோடு டீ பாலத்தையும் சேர்த்துப் படியுங்கள். கடினமான கேள்விக்கு நாம் எல்லாரும் பலமுறை சரிபார்த்தே விடை எழுதுகிறோம். தெரிந்த கணக்குத்தானே என்று திரும்பிப் பார்க்காமல் விடும் இடத்தில்தான் இன்னொரு முறை பார்க்கவேண்டியிருக்கிறது.